ஒற்றையரில் 213-வது இடம், இரட்டையரில் நம்பர் 1... ரோகன் போபண்ணா ஓய்வு சொல்லும் கதை என்ன?

43 வயதில் உலகின் நம்பர் 1 இடத்தைப் பிடித்து ஆச்சரியப்படுத்திய டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணா, 45 வயதில் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார். நவம்பர் 1, 2025 அன்று ஓய்வை அறிவித்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு பாரிஸ் மாஸ்டர்ஸ் தொடரின் முதல் சுற்றில் கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்குடன் சேர்ந்து ஆடி, 5-7, 6-2, 10-8 எனத் தோற்றதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

சமூக வலைதளங்களில் வாழ்த்துகள் குவிந்தன. கூடவே வழக்கமான கேள்வியும் வந்தது. "இரட்டையர்தானே... ஒற்றையரில் ஒண்ணும் ஜெயிக்கலையே?"

இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஒற்றையரில் போபண்ணா எட்டிய அதிகபட்ச தரவரிசை 213 மட்டுமே, அதுவும் 2007-ல். அவர் மட்டுமில்லை. சீனியர் பிரிவில் இந்தியர்கள் வென்ற கிராண்ட் ஸ்லாம் கோப்பைகள் எல்லாமே இரட்டையர் அல்லது கலப்பு இரட்டையர் பிரிவில் வந்தவைதான். லியாண்டர் பயஸ் 18, மகேஷ் பூபதி 12, சானியா மிர்சா 6, போபண்ணா 2. ஒற்றையரில் பூஜ்ஜியம்.

ஏன் இப்படி? போபண்ணாவின் 20 ஆண்டுக்கு மேலான பயணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அந்த விடை தமிழ்நாட்டு வீரர்களுக்கும் ரொம்பவே பொருந்தும்.

விறகு வெட்டிய கைகள்

1980 மார்ச் 4-ல் பிறந்த போபண்ணா வளர்ந்தது குடகு மலையில். அப்பா காபித் தோட்டக்காரர். பெரிய பயிற்சி மையம், ஜிம், வெளிநாட்டுக் கோச் எதுவும் அங்கே கிடையாது. சர்வீஸுக்கு வலு சேர்க்க விறகு வெட்டியதையும், மூச்சுப் பிடிக்கக் காபித் தோட்டத்துக்குள் ஓடியதையும் ஓய்வு அறிவிப்பிலேயே அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். டென்னிஸில் மேலே போக வேண்டும் என்றால் வீட்டை விட்டுக் கிளம்பியே ஆக வேண்டும் என்ற நிலையில், பதின்ம வயதிலேயே புனேவுக்குப் பயிற்சிக்குப் போனார்.

2002-ல் டேவிஸ் கோப்பையில் அறிமுகம். 2003-ல் தொழில்முறை ஆட்டக்காரர். அப்போதே அவருக்கு 23 வயது. ரஃபேல் நடால் 19 வயதில் பிரெஞ்சு ஓபனை வென்றவர் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த உலகத்தில் 23 என்பது எவ்வளவு தாமதம் என்பது புரியும்.

ஒற்றையரில் 200-ஐ ஒட்டிய தரவரிசையில் இருப்பவரின் நிலைமை என்ன? கிராண்ட் ஸ்லாமில் நேரடி இடம் கிடைக்காது, தகுதிச் சுற்று ஆட வேண்டும். விமான டிக்கெட், ஓட்டல், கோச் சம்பளம் எல்லாம் சொந்தக் காசு. கீழ்மட்ட எம்15 வகைப் போட்டி ஒன்றில் மொத்தப் பரிசுத் தொகையே 15,000 டாலர்தான். அது அத்தனை வீரர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது ஊர் திரும்பும் டிக்கெட்டுக்குக்கூடப் போதாது.

இந்த இடத்தில்தான் பல இந்திய வீரர்கள் ஒரு முடிவெடுக்கிறார்கள். ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையருக்கு மாறுகிறார்கள். போபண்ணாவும் மாறினார். தோல்வியை ஒத்துக்கொண்டதாக இதைப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் தொழிலில் நீடிப்பதற்கான கணக்கு இது. அந்தக் கணக்கைப் போட்டிருக்காவிட்டால் போபண்ணா என்ற பெயரே இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

43 வயதில் எப்படி முடிந்தது?

ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர். இரட்டையரில் அது 10.97 மீட்டர். கோர்ட் பெரிதாகிறது, ஆனால் ஆள் இரண்டு. ஆக ஒருவர் காக்க வேண்டிய அகலம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர்தான். பேஸ்லைனில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடி மூட்டு தேய வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், ஆட்டத்தின் நீளம். ஏடிபி தொடர்களில் 2006-லிருந்து இரட்டையருக்கு மூன்றாவது செட் கிடையாது. 1-1 என்று வந்தால் 10 புள்ளி டை-பிரேக்தான். ஒரு கேம் 40-40 ஆனால் அடுத்த ஒரே புள்ளியில் முடிந்துவிடும். ஐந்து செட், நான்கு மணி நேரம் என்ற பேச்சே இல்லை.

இதை வைத்து இரட்டையர் லேசான வேலை என்று நினைத்தால் தப்பு. வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிரே வருகிற பந்தைக் கண் இமைக்கிற நேரத்தில் மடக்க வேண்டும். சர்வீஸ் பிசகினால் அந்த ஒரே புள்ளியில் கேம் போய்விடும். கால் வேகம் குறைந்தாலும் சமாளிக்கலாம், கண்ணும் கையும் தாமதமானால் அவ்வளவுதான். போபண்ணாவிடம் கடைசி வரை இருந்தது, அந்த உயரமும் அதிலிருந்து இடி மாதிரி இறங்குகிற சர்வீஸும். சர்வீஸ் என்பது ஓடி அடிக்கிற ஷாட் அல்ல. அதனால்தான் வயது அதை அவ்வளவு சீக்கிரம் தின்னவில்லை.

ஆனால் உடம்பு சும்மா விடவில்லை. மூட்டுகளில் குருத்தெலும்பே தேய்ந்துபோன நிலை. வலி மாத்திரைகள் போட்டுக்கொண்டு ஆடியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2021-ல் மாதக்கணக்கில் ஒரு வெற்றிகூட இல்லாமல் போனபோது, "போதும், முடித்துக்கொள்கிறேன்" என்று மனைவிக்கு வீடியோ அனுப்பும் அளவுக்கு மனம் விட்டுப்போயிருக்கிறது. அதன்பிறகு ஐயங்கார் யோகாவைப் பிடித்துக்கொண்டார். மூட்டைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வலு ஏற்றி, மாத்திரை இல்லாமல் ஆடத் தொடங்கினார்.

2023-ல் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டன் ஜோடி சேர்ந்தார். அந்த ஆண்டே இண்டியன் வெல்ஸ் கோப்பை. மாஸ்டர்ஸ் 1000 தொடரை வென்ற மிக வயதான வீரர் என்ற பெயர். அமெரிக்க ஓபனில் இறுதிப் போட்டி வரை. 2024 ஜனவரி 27-ல் மெல்போர்னில் இத்தாலியின் போலெல்லி - வவாசோரி ஜோடியை 7-6, 7-5 என வீழ்த்தி ஆஸ்திரேலிய ஓபன் ஆண்கள் இரட்டையர் கோப்பை. இரண்டு நாள் கழித்து அதிகாரப்பூர்வமாக உலக நம்பர் 1. முதல்முறையாக அந்த இடத்துக்கு வந்தவர்களில் அவர்தான் மிக வயதானவர். மார்ச் மாதம் 44 வயதில் மயாமி ஓபனையும் வென்று, தன் சாதனையைத் தானே முறியடித்தார்.

மெல்போர்ன் கோப்பைக்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். ஆண்கள் இரட்டையரில் அது அவருடைய 61-வது கிராண்ட் ஸ்லாம். அதுவரை அவர் கூட்டு சேர்ந்த ஜோடிகள் 19 பேர்.

19 பேர் ஏன்?

இங்கேதான் இரட்டையர் டென்னிஸின் கஷ்டமான பக்கம் தெரியும். பெரிய போட்டிகளில் இடம் கிடைக்க, ஜோடியில் இருக்கும் இருவரின் தரவரிசையையும் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை குறைவாக இருந்தால் உள்ளே. அதிகமானால் வெளியே. ஒருவருக்குக் காயம்பட்டு தரவரிசை சரிந்தால், அது அடுத்தவர் வயிற்றிலும் அடிக்கும். அவர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவே வேண்டாம். ஒவ்வொரு சீசன் முடியும்போதும் "அடுத்த வருஷம் யாரோடு?" என்ற கேள்வியோடுதான் இவர்கள் வீடு திரும்புகிறார்கள்.

அப்படி அமைந்த ஜோடிகளில் ஒன்று சரித்திரத்தில் நின்றுவிட்டது. பாகிஸ்தானின் ஐசம்-உல்-ஹக் குரேஷியுடன் சேர்ந்து 2010 அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டிக்குப் போனார் போபண்ணா. 'இந்தோ-பாக் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஐ.நா.வுக்கான இரு நாட்டுத் தூதர்களும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிரையன் சகோதரர்களிடம் இரண்டு டை-பிரேக்கில் தோற்றாலும், கோப்பை வென்றவர்களைவிட இவர்களைப் பற்றித்தான் நம் பக்கம் அதிகம் பேசினார்கள்.

கசப்பான ஜோடிக் கதையும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பயஸுடன் ஆட பூபதியும் போபண்ணாவும் மறுத்தார்கள். கடைசியில் இரண்டு அணிகளாகப் பிரித்து அனுப்பினார்கள். இரண்டுமே இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. 2016 ரியோவில் சானியாவுடன் கலப்பு இரட்டையரில் வெண்கலப் பதக்கப் போட்டி வரை வந்து தோற்றார். நான்காவது இடம். 2024 பாரிஸில் முதல் சுற்றோடு வெளியேற்றம். கோப்பை அலமாரியில் ஒலிம்பிக் பதக்கத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

சென்னைக்கும் அவருக்கும்

போபண்ணா கர்நாடகக்காரர் என்றாலும், அவருடைய முக்கியமான இரண்டு நாட்கள் நுங்கம்பாக்கம் எஸ்.டி.ஏ.டி. டென்னிஸ் மைதானத்தில் நடந்தவை.

ஒன்று, 2010 செப்டம்பர். டேவிஸ் கோப்பை பிளே-ஆஃப், எதிரணி பிரேசில். முதல் நாள் முடிவில் இந்தியா 0-2. கதை முடிந்தது என்று பலர் எழுதிவிட்டார்கள். பயஸ் - பூபதி இரட்டையரை வென்றார்கள். கடைசி நாள் சோம்தேவுக்கு எதிராக பெல்லூச்சி பாதியிலேயே விலகினார், 2-2. ஐந்தாவது ஆட்டத்தில், சென்னை வெயிலில், ரிக்கார்டோ மெல்லோவை நேர் செட்களில் போபண்ணா வீழ்த்தினார். இதில் கவனிக்க வேண்டியது, அது ஒற்றையர் ஆட்டம். 'இரட்டையர் மட்டும்தான்' என்று சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடும் நாள் அது.

இரண்டாவது, 2017 ஜனவரி. சென்னை ஓபன் இரட்டையர் இறுதிப் போட்டி. நெட்டின் இரண்டு பக்கமும் இந்தியர்கள். ஒரு பக்கம் புரவ் ராஜா - திவிஜ் சரண். மறுபக்கம் போபண்ணாவோடு நின்றவர் நம்ம சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியன். 6-3, 6-4 என ஜெயித்தார்கள். ஜீவனுக்கு அது முதல் ஏடிபி கோப்பை. அதே ஆண்டு ஜூனில் கனடாவின் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கியுடன் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரை வென்று, 37 வயதில் முதல் கிராண்ட் ஸ்லாமைத் தொட்டார் போபண்ணா.

2017-க்குப் பிறகு ஆண்கள் ஏடிபி தொடர் சென்னையில் நடக்கவே இல்லை. 1997-லிருந்து 21 ஆண்டுகள் நுங்கம்பாக்கத்தில் நடந்த போட்டி புனேவுக்குப் போனது. அங்கேயும் 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. இப்போது இந்தியாவில் ஏடிபி டூர் அளவிலான ஆண்கள் தொடர் எதுவும் இல்லை. சென்னைக்கு மிஞ்சியது ஒரு படி கீழே உள்ள சேலஞ்சர் தொடர்தான். பெண்களுக்கான சென்னை ஓபன் 2022-ல் வந்து, 2025-ல் திரும்ப வந்தது. போபண்ணா ஓய்வை அறிவித்த அதே வாரம் நுங்கம்பாக்கத்தில் அந்தப் போட்டிதான் நடந்துகொண்டிருந்தது.

இது வெறும் ரசிகர்களின் ஏக்கம் இல்லை. உள்ளூரில் பெரிய போட்டி நடந்தால் உள்ளூர் வீரருக்கு வைல்டு கார்டு கிடைக்கும், விமான டிக்கெட் மிச்சம், பழகிய வெயில், கைதட்டக் கூட்டம். பயஸ் - பூபதி ஜோடி சென்னை ஓபனை ஐந்து முறை வென்றது. ஜீவனுக்குக் கிடைத்த அந்த ஒரு வாரம் மாதிரி இன்னொரு தமிழ்நாட்டுப் பையனுக்குக் கிடைக்க இப்போது வழி இல்லை.

காசு எவ்வளவு?

2024 ஆஸ்திரேலிய ஓபனையே எடுத்துக்கொள்வோம். ஒற்றையர் சாம்பியன் யானிக் சின்னருக்குக் கிடைத்தது 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், அன்றைய மதிப்பில் 17 கோடி ரூபாய்க்கு மேல். இரட்டையர் சாம்பியன்களுக்கு ஜோடிக்கு 7.3 லட்சம் டாலர். போபண்ணாவின் பங்கு 3.65 லட்சம், சுமார் 2 கோடி ரூபாய். வரி, கோச், பிசியோ செலவெல்லாம் இதிலிருந்துதான்.

2 கோடி பெரிய காசுதானே என்று தோன்றும். அதே போட்டியில் ஒற்றையர் நான்காவது சுற்றில் தோற்றவருக்கு 3.75 லட்சம் டாலர். அதாவது கோப்பையைத் தூக்கிய இரட்டையர் வீரரைவிட, காலிறுதிக்குக்கூடப் போகாத ஒற்றையர் வீரருக்கு அதிகம்.

அந்த இடமும் சுருங்குகிறது. 2025 அமெரிக்க ஓபனில் கலப்பு இரட்டையரை முக்கியப் போட்டிக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளி, குறுகிய செட்களோடு, பெரும்பாலும் ஒற்றையர் நட்சத்திரங்களைக் கூட்டிவந்து நடத்தினார்கள். பரிசு 10 லட்சம் டாலர். டி.வி.க்கு அது நல்ல விருந்து. ஆனால் இரட்டையரை மட்டுமே நம்பி இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், கடைசியில் ஜெயித்தது இரட்டையரில் கைதேர்ந்த எர்ரானி - வவாசோரி ஜோடிதான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து நுங்கம்பாக்கம்

சரி, இதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்?

போபண்ணாவுக்குக் குடகு எப்படியோ, அப்படித்தான் திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு முனையும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகளும் லாரிகளும் கண்ணில் படும். மாலையில் கிரிக்கெட், கபடி, வாலிபால் ஆடுகிற பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். டென்னிஸ் ராக்கெட் அவ்வளவு சுலபத்தில் படாது. இங்கிருந்து நுங்கம்பாக்கம் மைதானம் போக வேண்டும் என்றால், மின்சார ரயிலில் ஏறி 45 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் ரயிலுக்கு மாற வேண்டும். திரும்பவும் அதே. பள்ளி நாளில் ஒரு பிள்ளையால் தினமும் செய்ய முடிகிற காரியமா? ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அப்பாவோ அம்மாவோ கூட வரத்தான் முடியுமா?

கிரிக்கெட்டில் ஒரு மட்டையைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாம். டென்னிஸில் ராக்கெட், நரம்பு, பந்து, கோர்ட் வாடகை, கோச் எல்லாமே ஒரு பிள்ளைக்கான தனிச் செலவு. வளர வளர ஜூனியர் போட்டிகளுக்கு வெளியூர், பிறகு வெளிநாடு. வாய்ப்பு கிடைத்தவர்களின் பின்னணியைப் பார்த்தாலே இது புரியும். கொல்கத்தாவில் பிறந்த பயஸ், 1985-ல் சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தின் அகாடமியில் சேர்ந்து இங்கேயே தங்கிப் படித்து வளர்ந்தார். தங்க இடம், படிக்கப் பள்ளி, ஆடக் கோர்ட் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தது அவருக்கு. 1990-ல் ஜூனியர் விம்பிள்டன் வென்றார். மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதும் அப்படி ஒரு ஏற்பாடுதான். ஓய்வுக்கு முன்பே பெங்களூருவில் சொந்த அகாடமி தொடங்கி நடத்திவரும் போபண்ணாவுக்கு இது நன்றாகவே தெரியும்.

அடுத்து யார்?

இப்போதைக்கு இந்தியாவின் முன்னணி இரட்டையர் வீரர் டெல்லியின் யூகி பாம்ப்ரி. 2025 அமெரிக்க ஓபனில் நியூசிலாந்தின் மைக்கேல் வீனஸுடன் அரையிறுதி வரை போனார். முன்பு ஒற்றையரில் உலகின் முதல் 100-க்குள் இருந்தவர், காயங்களால் இரட்டையருக்கு வந்தவர். அதே பாதைதான்.

தமிழ்நாட்டைப் பார்த்தால் பட்டியல் நீளம். ஜீவன் நெடுஞ்செழியன், விஜய் சுந்தர் பிரசாந்த், ராம்குமார் ராமநாதன், ஸ்ரீராம் பாலாஜி என எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இரட்டையரை நோக்கித் திரும்பியவர்கள். ஒற்றையரில் நம்பிக்கை தருபவர் என்றால் மதுரைக்காரர் தக்ஷினேஸ்வர் சுரேஷ். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்து மண்ணில் டேவிஸ் கோப்பை அறிமுக ஆட்டத்திலேயே ஜெரோம் கிம்மை வீழ்த்தி, இந்தியா 3-1 என வெல்லக் காரணமானவர்களில் ஒருவர்.

இவர்களில் போபண்ணாவின் கதைக்கு மிக அருகில் இருப்பவர் கோவையைச் சேர்ந்த ஸ்ரீராம் பாலாஜி. இந்திய ராணுவத்தில் பணி. 2024 பிரெஞ்சு ஓபன் மூன்றாவது சுற்றில் மெக்சிகோவின் ரெயெஸ்-வரேலாவுடன் சேர்ந்து, உலகின் முன்னணி ஜோடியான போபண்ணா - எப்டனை மூன்றாவது செட் டை-பிரேக் வரை இழுத்தார். தோற்றது அந்த டை-பிரேக்கில்தான். எதிர்ப்பக்கம் நின்று அதைப் பார்த்த போபண்ணா, பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தன் ஜோடியாகத் தேர்ந்தெடுத்தது பாலாஜியை. பிரான்ஸின் மான்பிஸ் - ரோஜர்-வாசெலின் ஜோடியிடம் 5-7, 2-6 எனத் தோற்ற அந்த ஒலிம்பிக் ஆட்டம்தான் இந்தியாவுக்காக போபண்ணா கடைசியாக ஆடியது.

போபண்ணா ஓய்வை அறிவித்தபோது பாலாஜிக்கு 35 வயது. அந்த வயதில் போபண்ணாவிடம் ஒரு கிராண்ட் ஸ்லாம் கோப்பைகூட இல்லை.